சிறப்பு விருந்தினர் அடிக்கும் பந்து

நம் பக்கத்தில் ஒரு கால்பந்துப் போட்டி எப்படித் தொடங்கும் தெரியுமா? நடுவர் விசில் ஊதியா? அட, போங்க! சிறப்பு விருந்தினர் வரவேண்டும். காலை பத்து மணி என்று நோட்டீஸில் போட்டிருந்தால் வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு வருவார். சால்வை போர்த்தி முடித்ததும் கோலுக்கு நேரே கூட்டிப்போய்ப் பந்தைக் காலடியில் வைப்பார்கள். வேட்டி நுனியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் ஓர் உதை விடுவார். பந்து உள்ளே போகவேண்டும். போனால்தான் கைதட்டல், போட்டோ, மறுநாள் பேப்பரில் செய்தி. கோல் கீப்பர் என்று ஒரு ஜீவன் அங்கே நிற்கிறதே, அதற்கென்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். அழகாக விழுகிற வேலை.

இந்த விழுகிற வேலையில் நித்யா மேரியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

கடலூர் செம்மண்டலத்து ஆட்டோ டிரைவர் மரியலூர்துவின் ஒரே மகள் அவள். பள்ளியில் டீம் சேர்த்தபோது ஓடச் சோம்பல்பட்டு, "நிக்கிற வேல எதுனா இருக்கா சார்?" என்று கேட்டு கீப்பர் ஆனவள். ஆனால் அந்தக் கை இருக்கிறதே, பந்து எங்கே வரப்போகிறதோ அங்கே அது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். அதுவே வினையாகவும் போயிற்று. பிளஸ் ஒன் படிக்கும்போது கடலூரில் ஒரு போட்டி. தொடங்கி வைக்க வந்த பெரிய மனிதர் பந்தை உதைத்தார். விட்டுவிடு, விட்டுவிடு என்று காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் சொல்லியிருந்தார்கள். இவள் பாய்ந்து மார்போடு அணைத்துப் பிடித்துவிட்டாள்.

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. "கை போய்டுச்சி சார், நான் போவல," என்று அழுதாள். யார் கேட்டார்கள்? அந்த வருடம் மாவட்ட அணியில் அவள் பெயர் இல்லை.

அதற்கப்புறம் பாடம் படித்துக்கொண்டாள். கொல்கத்தாவில் ஒரு கிளப்பும் பிறகு கேரளாவில் ஒன்றும் அவளைச் சம்பளத்துக்கு எடுத்தன. இரண்டிலும் அவள் மூன்றாவது கீப்பர். முதல் கீப்பரின் விரல் பிசகிவிடக்கூடாது, இரண்டாவது கீப்பருக்குத் தன்மானம் ஜாஸ்தி. ஆகவே தொடக்க விழாப் பந்தெல்லாம் நித்யா மேரியின் தலையில் விழுந்தது. நகைக்கடை முதலாளி, சீரியல் நடிகர், வார்டு உறுப்பினரின் மச்சான் என்று அவளிடம் கோல் போடாத பிரமுகரே பாக்கியில்லை. சீக்கிரம் விழுந்தால் சந்தேகம் வரும், பந்து தாண்டிய அடுத்த நொடியில் விழவேண்டும், விழுந்த பிறகு தரையை ஒரு குத்துக் குத்தி வருத்தம் காட்டவேண்டும். எல்லாம் அத்துப்படி. முதல் கீப்பருக்கு டைஃபாய்டும் இரண்டாவது கீப்பருக்குக் கல்யாணமும் சேர்ந்து வந்த ஒரு பருவத்தில் நிஜ ஆட்டத்திலேயே நின்றாள். அந்த டீமை அந்தப் பருவம் முழுக்க யாராலும் அசைக்க முடியவில்லை. போட்டோவில் கோல் போட்டவர்கள் வந்தார்கள்.

ஊரிலும் இதே கதைதான். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன், "பொண்ணு எத்தினி கோலு போட்டிருக்கு?" என்று விசாரித்தார். "ஒண்ணுகூட இல்லீங்க," என்றாள் அம்மா ஞானமேரி, அதைப் பெருமை என்று நினைத்து. அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். ஒன்றுகூடப் போடாதவளுக்கு எந்த மடையன் சம்பளம் கொடுக்கிறான் என்று வாசல் வரைக்கும் பேசிக்கொண்டே போனார்களாம்.

முட்டி தகராறு செய்ய ஆரம்பித்ததும் பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினாள். சிதம்பரத்தில் ஒரு தனியார் பள்ளியில் பெண்கள் அணிக்குக் கோச் வேலை கிடைத்தது. முள் மண்டிக் கிடந்த மூலை மைதானத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து செதுக்கினாள். அங்கேதான் புவனகிரியிலிருந்து பஸ் ஏறி வரும் இளமதியைக் கண்டெடுத்தாள். பிளஸ் ஒன் பெண், ஒல்லிக்குச்சி, ஆனால் பந்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அப்படியே நித்யா மேரி!

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் தலைமையாசிரியர் வைத்திலிங்கம் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், அந்த மூலையில ஸ்கூல் பஸ்ஸுக்கு ஷெட்டு போடப் போறாராம் நம்ம தாளாளரு. எஸ்டிமேட்டு வந்துடுச்சி."

"அப்ப டீமு?"

"டீமுக்கு இன்னா மேடம், கேரம் போர்டு வாங்கித் தரேன்னாரு." அவர் கையைப் பிசைந்தார். "சனிக்கிழமை மேல்பட்டாம்பாக்கம் டீம் வருதுல்ல, அந்த மேட்ச்ச அவரே தொடங்கி வைக்கிறாரு. மனசு குளுந்தா ஷெட்ட வேற எடத்துக்கு மாத்துவாரு. புரியுதுல்ல? ஒரே ஒரு பந்து. வுட்டுடச் சொல்லுங்க."

தாளாளர் ராஜமாணிக்கம் புவனகிரியில் அரிசி ஆலை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது, போட்டி தொடங்கி வைப்பதைத் தவிர. வருடக்கணக்காக எத்தனையோ ஊரில் எத்தனையோ போட்டிகளைத் தொடங்கி வைத்து, ஒன்றுகூடத் தவறாமல் கோல் போட்டிருக்கிறார். தவறாமல் போனதற்குக் காரணம் என்னவென்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஆகவே அவர் பாட்டுக்கு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்.

ஒரு வாரம் நித்யா மேரி இளமதிக்கு விழக் கற்றுக்கொடுத்தாள். பிடிக்கத் தெரிந்த பெண்ணுக்கு விடக் கற்றுத்தருவது எவ்வளவு கொடுமை என்று அப்போதுதான் தெரிந்தது. "எனக்கு அழுகையா வருது மிஸ்," என்றது பெண். "அழு. அதுவும் நல்லாத்தான் இருக்கும். ஆனா விழுந்த அப்புறம் அழு," என்றாள் கோச். சொல்லிவிட்டுத் தன்மேலேயே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

சனிக்கிழமை வந்தது. பந்தல், பேண்டு வாத்தியம், மைக், சால்வை. தாளாளர் உதைத்தார். பந்து நொண்டிக்கொண்டு போயிற்று. இளமதி அது கோட்டைத் தாண்டும் வரை பொறுமையாகக் காத்திருந்து, பாய்ந்து விழுந்து, தரையைக் குத்தி, கண்ணையும் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் பந்தலைத் தூக்கியது. வைத்திலிங்கம் கண்ணை மூடிக் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

தாளாளர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! எனக்கு வயசு அறுவதாவப் போவுது. சுகர் இருக்குது. வேட்டி கட்டிக்கினு அடிச்ச பந்த இந்தப் பொண்ணால புடிக்க முடியல. அந்தப் பொண்ண நான் குத்தம் சொல்லல, சின்னப் புள்ள. ஆனா இவ்ளோ நாளா இங்க இன்னா கோச்சிங் நடந்துது? அதனால யோசிச்சி ஒரு முடிவு எடுத்திருக்கேன். இந்த மேட்ச்சோட டீம நிறுத்திக்கிறோம். பஸ்ஸாவது நெழல்ல நிக்கட்டும்."

பாவி மனுஷா! வைத்திலிங்கத்தின் முகம் சுண்டிப் போயிற்று. அன்றைக்குப் பிடித்ததற்கு ஒரு தண்டனை, இன்றைக்கு விட்டதற்கு ஒரு தண்டனை. அப்படியென்றால் ஒரு கீப்பர் என்னதான் செய்து தொலைப்பது? நித்யா மேரி விறுவிறுவென்று மேடை ஏறினாள்.

"சார், அது புடிக்க முடியாம வுடல. நான்தான் வுடச் சொன்னேன்."

"இன்னாது?"

"மனசு குளுரணும்னு வுட்டோம். எல்லா ஊர்லயும் அப்புடித்தான் சார் வுடுறாங்க."

தாளாளர் மகளிர் அணியைப் பார்த்தார், தலைமையாசிரியரைப் பார்த்தார். வைத்திலிங்கம் தன் செருப்பைப் பார்த்தார். தாளாளர் சால்வையைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"அப்ப இப்ப புடிக்கச் சொல்லு, பாப்போம்."

உதைத்தார். இளமதி நின்ற இடத்திலேயே குனிந்து எடுத்தாள். "காத்து அடிக்குது," என்றார். மறுபடி உதைத்தார். ஒரு கையால் தட்டிவிட்டாள். "செருப்பு வழுக்குது." செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டினார். இத்தனை பேர் முன்னால் ஒரு கோலும் போடாமல் எப்படிப் போவது? உதைத்துக்கொண்டே இருந்தார். மேல்பட்டாம்பாக்கம் பெண்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டு, கையும் கழுவி, வேடிக்கை பார்த்தார்கள். போட்டோக்காரர் காமிராவைப் பைக்குள் வைத்தார். வெயில் இறங்கிவிட்டது. ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை.

கடைசியில் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. திட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ நித்யா மேரியைப் பக்கத்தில் கூப்பிட்டு ரகசியமாகக் கேட்டார்:

"நான் எந்தப் பக்கம் அடிக்கப் போறேன்னு அதுக்கு எப்பிடிம்மா தெரியுது?"

"அடிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் பாத்துடுறீங்க சார்."

"ஓகோ." தாடையைச் சொறிந்தார். "நாளைக்குக் காலைல வரேன். ஷெட்டு எங்கியும் ஓடிடாது. மொதல்ல ஒரு கோலு போட்டுக்கிறேன்."

மறுநாள் புது பூட்ஸோடு வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். சர்க்கரை இறங்கியிருப்பதாக டாக்டர் சொன்னாராம். முதலாளி ஆயிற்றே, கேட்டால் சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியுமா? காலை எப்படி வைப்பது, உடம்பை எப்படிச் சாய்ப்பது என்று நித்யா மேரிதான் பாடம் எடுக்கவேண்டியிருந்தது. மனிதர் அரிசி ஆலை நடத்துகிற மூளையோடு கற்றுக்கொண்டார். அதுதான் வம்பு. போன வாரம் அவர் அடித்த பந்து கம்பத்தில் மோதி, டங்கென்று சத்தம் போட்டுத் திரும்பி வந்தது. அவர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார். அவளோ ஓடிப்போய் இளமதியை இன்னும் ஓர் அடி முன்னால் நகர்த்தி நிறுத்தினாள்.

"பாவம் மேடம், ஒண்ணே ஒண்ணு வுடச் சொல்லுங்களேன்," என்றார் வைத்திலிங்கம், பழக்க தோஷத்தில்.

"வுட்டா அன்னிக்கு சாயங்காலமே ஜல்லி எறங்கும் சார்," என்றாள்.

இளமதிக்குக் காய்ச்சல் வந்தால்? அடுத்த வருடம் அவள் படித்துமுடித்துப் போய்விட்டால்? அதனால் நித்யா மேரி இப்போது அணியில் எல்லோருக்கும் கீப்பர் பயிற்சிதான் கொடுக்கிறாள். முன்னால் ஆடுகிறவள், பின்னால் ஆடுகிறவள், ஆறாம் வகுப்பிலிருந்து புதிதாக வந்தவள், அத்தனை பேரும் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். இந்த வருடம் ஆடிய ஆட்டங்களில் அந்த அணி ஒரு கோலும் வாங்கவில்லை. ஒரு கோலும் போடவும் இல்லை.

முன்வரிசையில் ஆடும் இலக்கியாவுக்கு இதில் ரொம்ப வருத்தம். நேற்றுக் காலை கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து கேட்டாள்:

"மிஸ், நாங்க எப்பதான் கோல் போடுறது?"

நித்யா மேரி வாய் திறக்குமுன் கேட் பக்கம் தாளாளரின் கார் ஹாரன் கேட்டது.

"மொதல்ல கிரவுண்டு இருக்கட்டும்டி," என்றாள். "கையுறைய மாட்டிக்கினு போய் நில்லு."