வைஜயந்தியின் இடது கை

கட்டைவிரல் நகர்ந்து நகர்ந்து ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் வந்து நிற்கிறது. பதினொன்று. சிஞ்ச்வட் அடுக்குமாடி சொசைட்டியின் தண்ணீர்க் கூட்டத்தில் மூன்றாம் மாடி ஸ்ரீவத்சன் பேச எழுந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குள் பதினொரு 'பேசிக்கலி'. டேங்கர் எத்தனை மணிக்கு வரும் என்று மற்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருக்க, பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் வைஜயந்தி பன்னிரண்டாவதற்காகக் காத்திருக்கிறாள். அதுவும் வந்துவிடுகிறது. அவள் முகத்தில் அப்படியொரு திருப்தி. டேங்கர் எப்போது வரும் என்று வீட்டில் கேட்டால் அவளுக்குத் தெரியாது.

நாற்பத்தாறு வயது. கசார்வாடியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில், கார் பம்புகளுக்குப் போகும் ரப்பர் வளையங்களைச் சோதிக்கிற வேலை. விளக்கின் கீழே வலது கை வளையத்தைச் சுழற்றும். கண் பிசிறும் வெடிப்பும் பார்க்கும். காதுக்கும் இடது கைக்கும் அங்கே சோலி கிடையாது. சும்மா இருக்க முடியாத ஜென்மமாகையால் அந்த இரண்டுக்கும் அவளே ஒரு வேலை கொடுத்துவிட்டாள். சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் 'ம்ஹணஜே', மராத்தியில் 'அதாவது'. பால்காரருக்கு 'டென்ஷன் நஹி லேனேகா', கவலையே படக் கூடாதாம். கல்லூரிக்குப் போகும் மகன் ஹரீஷ் எந்த மொழியில் பேசினாலும் 'மத்லப்', அதே 'அதாவது' ஹிந்தியில். கேலி செய்வதற்காக எண்ணுகிறாள் என்று நினைத்தால் அது பாவம். ஒரு மனுஷர் ஏன் ஒரே வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறார், விட்டால் விழுந்துவிடுவாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. இத்தனை வருடம் எண்ணியும் அது மட்டும் தெரிந்தபாடில்லை.

எதிரே உட்காருபவள் சாவித்ரி. பன்னிரண்டு வருடமாக ஒரே மேசை, ஒரே விளக்கு. அந்தக் கூடத்தில் தமிழ் பேச இவளுக்கு அவளும் அவளுக்கு இவளும்தான். சாவித்ரியின் வார்த்தை 'சொன்னா நம்ப மாட்டே'. தக்காளி விலைக்கும் அதுதான், பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டதற்கும் அதுதான். நம்ப முடியாத விஷயம் ஒன்றையாவது அவள் சொல்லியிருக்கிறாளா என்றால், இல்லை.

போன மாதம் ஒரு நாள் சாவித்ரி டீயைக்கூட மறந்துவிட்டு நெடுநேரம் பேசினாள். பேசி முடித்து இவள் முகத்தைப் பார்த்தாள். வைஜயந்தி சிரித்துக்கொண்டே, "பதினேழு" என்றாள்.

"என்ன பதினேழு?"

"சொன்னா நம்ப மாட்டே. இப்ப மட்டும் பதினேழு தடவை சொல்லிட்டே. சும்மா கேக்கறேன், அது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

சாவித்ரி கையிலிருந்த வளையத்தை ட்ரேயில் வைத்தாள். "எண்ணிட்டா இருந்தே? அப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு பாக்கலாம்."

எட்டு வருடமாகச் சாவித்ரியோடு பேச்சுவார்த்தை இல்லாத அவள் அண்ணன். கோர்படி போகிற பஸ். இந்த இரண்டும்தான் வைஜயந்தியின் காதில் தங்கியிருந்தன. பஸ்ஸில் அண்ணனைப் பார்த்தாளா, அவர் பேசினாரா, முகத்தைத் திருப்பிக்கொண்டாரா? தலைகீழாக நின்றாலும் நினைவுக்கு வரவில்லை.

"உனக்கும் ஒண்ணு இருக்கு வைஜி," என்றாள் சாவித்ரி. "நான் எண்ணினதில்ல."

அதோடு சரி. 'ஆமா', 'இல்ல', 'ட்ரேயத் தள்ளு' தவிர மூன்று வாரமாக அந்த மேசையில் தமிழ் இல்லை. எண்ணுவதற்கு ஒன்றும் கிடைக்காமல் இடது கை மடியில் கிடந்தது. அண்ணன் பேசினாரா இல்லையா என்று தெரியாமல் வைஜயந்திக்கு மண்டை வெடித்துவிடும்போல இருந்தது. ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

கூடவே இன்னொரு குடைச்சல். தனக்கும் ஒன்று இருக்கிறதாமே, அது என்ன? நேற்றுச் சாப்பிடும்போது மகனிடமே கேட்டுவிட்டாள்.

"ஹரீஷ், சும்மா கேக்கறேன், நான் அடிக்கடி சொல்ற வார்த்தைன்னு ஏதாவது இருக்காடா?"

ஹரீஷ் சப்பாத்தியை மென்றபடி, "மத்லப்... இப்ப சொன்னியே மம்மி, அதான்" என்றான்.

"எது?"

"சும்மா கேக்கறேன். ஹிந்தில பேசினாகூட 'ஐசே ஹீ பூச்சா'. டெய்லி அதேதான்."

இன்று காலை லோக்கல் ரயிலில் பக்கத்துப் பெண்ணின் பையை எங்கே வாங்கினாள் என்று கேட்க வாயெடுத்தாள். அந்த வார்த்தை நாக்கு நுனிக்கு வந்தது. சடாரென்று வாயை மூடிக்கொண்டாள். அது இல்லாமல் கேட்டுப் பார்க்கலாம் என்றால் கேள்வியே வெளியே வர மறுத்தது. யாரென்றே தெரியாதவளைப் போலீஸ் மாதிரி விசாரிப்பதா என்று கூச்சம் வந்துவிட்டது. பிம்ப்ரி ஸ்டேஷன் போயிற்று, கசார்வாடியும் வந்தது. கேட்காமலே இறங்கினாள். அந்தப் 'பதினேழை'ச் சொல்லிச் சாவித்ரியின் வாயைத் தான் எப்படி அடைத்துவிட்டோம் என்று பிளாட்பாரத்தில் நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழுகையாக வந்தது.

பத்து மணி டீ வந்தது. சாவித்ரி டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் வைத்தாள், மறுபடி எடுத்தாள். பெரிய சேதி எதையோ வயிற்றில் வைத்துக்கொண்டு தவிக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது. சொல்ல அவளுக்கும் வேறு யார் இருக்கிறார்கள்?

"நேத்து சாயந்திரம் கதவத் தட்டற சத்தம். தொறந்தா எங்கண்ணன். சொன்னா நம்ப..."

நிறுத்திவிட்டாள். அவள் பார்வை வைஜயந்தியின் இடது கையில் இருந்தது. யாரும் சொல்லாமலே கட்டைவிரல், ஒன்று என்று எண்ண, சுண்டுவிரலின் அடிக்கணுவில் போய் உட்கார்ந்திருந்தது.

வைஜயந்தியும் அதைப் பார்த்தாள். வலது கையிலிருந்த வளையத்தைக் கீழே வைத்தாள். ரிஜெக்ட் ட்ரேயில் துழாவிப் பெரிதாக ஒன்றை எடுத்து, இழுத்து, கட்டைவிரல் நகர முடியாதபடி இடது கையின் ஐந்து விரல்களையும் ஒன்றாகச் சேர்த்து மாட்டினாள். மாட்டிய கையை மேசையின் நடுவே, விளக்கு வெளிச்சத்தில், சாவித்ரிக்குத் தெரியும்படி வைத்தாள்.