காதர் நானா ஊற்றிய நீலத் தண்ணீர்

போன வெள்ளிக்கிழமை காலையில் துணி வாங்கக் கடைத்தெருவுக்குப் போன என் மருமகள் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். "மாமி, காதர் நானா கடையில இன்னும் கதவுப் பலகை எடுக்கல்ல. வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க," என்றாள். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதுளையில் விடிந்ததும் முதலில் திறக்கும் கடை அது.

ஜவுளிக்கடைக்காரராக அவரை எல்லாருக்கும் தெரியும். எங்கள் கீழ்த்தெருவுக்கு அவர் ஊர்ச் சபையில் எங்களுக்காகப் பேசிய உறுப்பினர். அந்தக் கதை தெரியாத சின்னவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அப்போதெல்லாம் மழை பிடித்தால் மேல்தெருக் கடைகளின் கழிவெல்லாம் எங்கள் தோட்டத்துக்குள் இறங்கும். தெருவின் ஏழு வீட்டுக்கும் எங்கள் கிணறு ஒன்றுதான். அந்த வருஷம் கழிவு பெருகிக் கிணற்றடிவரை வந்துவிட்டது. சபை வடிகாலுக்குப் பணம் ஒதுக்கியது, ஆனால் ஒரு நிபந்தனையோடு. வடிகால் போகிற நிலத்துக்காரர்கள் எல்லாரும் அடுத்த கூட்டத்துக்குள் வழிவிடச் சம்மதித்துக் கையெழுத்துத் தர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பணம் துரைமார் கிளப்புக்குப் போகும் ரோட்டுக்குப் போய்விடும்.

அளவுகாரர் வந்து குச்சி அடித்துக் கயிறு கட்டினார். கயிறு நேராக எங்கள் ஈசானிய மூலை வழியாகப் போயிற்று. கிணறும் அங்கேதான். வடகிழக்கில் கழிவுநீர் ஓடினால் குடும்பம் தழைக்காது என்பது எங்கள் நம்பிக்கை. என் மாமியார் குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டார்.

செய்தி கேட்டு நானா வந்து வாசலில் நின்றார். "ஆச்சி, சர்க்கார் குச்சியில சோறு ஆக்கினா வயித்துல தங்காதே."

"நல்லாத் தங்குச்சு. இன்னும் நாலு குச்சி இருந்தா குடுத்து விடுங்க," என்றார் மாமியார்.

வேறொருவர் என்றால் திட்டிவிட்டுப் போயிருப்பார். நானா சிரித்தார். "கயிறு நேராத்தான் போகும் ஆச்சி. தண்ணிக்கிட்ட யாரும் கேக்கல்லையே. நான் கேட்டுட்டு வாறேன்."

மறுநாள் தூறல் விழும்போது, தம் கடையில் விற்கும் சலவை நீலத்தை இரண்டு வாளித் தண்ணீரில் கரைத்து மேல்தெருவின் பின்புறத்தில் ஊற்றினார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்தார். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. நீலத் தண்ணீர் கயிறு காட்டிய வழியை மதிக்கவில்லை. அது வளைந்து போய், நானா புதுக் கிடங்குக்காகப் போட்டிருந்த அத்திவாரத்துக்குள் இறங்கி, எங்கள் மேற்கு வேலியின் உட்புறத்தை ஒட்டியே ஓயா ஆற்றுப் பக்கம் ஓடியது.

எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தோம். எத்தனையோ வருஷமாக அவர் ஆசைப்பட்ட கிடங்கு அது.

"பாத்தீங்களா, என் கடைச் சரக்கே எனக்கு எதிராச் சாட்சி சொல்லுது," என்று அவர்தான் முதலில் சிரித்தார். அந்த வாரமே அளவுகாரரை அழைத்துக் கயிற்றை அந்த வழியே மாற்றிக் கட்ட வைத்து, அத்திவாரக் கல்லைப் பெயர்த்தார்.

கூட்டத்துக்கு முதல் நாள் சம்மதப் பத்திரத்தோடு வந்தார். எங்களுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே எழுதச் சொல்லியிருந்தார். நிலம் என் அப்பா தந்த சீதனம் என்பதால் என் கையெழுத்துத்தான் வேண்டும்.

"படிச்சுட்டுப் போடுங்க தங்கச்சி. படிக்காமப் போடுற கையெழுத்து, பாக்காமக் குடிக்கிற தண்ணி மாதிரி," என்றார். யாரிடம் கையெழுத்து வாங்கினாலும் இதைச் சொல்வார்.

நான் ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்தேன். "நானா, வாய்க்கால் எவ்வளவு அகலம்னு இதுல இல்லையே. தோட்டம் பூராவும் வெட்டினாலும் இந்தக் காகிதம் செல்லுமே."

வாங்கிப் பார்த்தார். காகிதத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"என்ன நானா?"

"என் பத்திரத்துல காலையிலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்."

உள்ளேயிருந்து மாமியார், "நானாவுக்கு ஒரு அரிச்சுவடி வாங்கிக் குடு, புள்ள," என்றார். வெற்றிலை புரையேறும்வரை சிரித்த நானா, அப்படியே சபை எழுத்தரிடம் நடந்தார். ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்றடி என்று எழுத வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். மறுநாள் கூட்டத்தில் பணம் எங்கள் வடிகாலுக்கே நின்றது.

போன வெள்ளிக்கிழமை பகலில் அவர் மகன் எங்கள் வீட்டுக்கு வந்தார். "மாமி, வாப்பாவைக் கடைசியாக் குளிப்பாட்ட உங்க கிணத்துத் தண்ணி வேணும். அவங்க சொல்லி வச்சிருந்தாங்க." ஏழு வீட்டுப் பெண்களும் சேர்ந்து இறைத்துக் கொடுத்தோம். தண்ணீர் தெளிவாக இருந்தது.

கிடங்கு கடைசிவரை கட்டவில்லை. துணி மூட்டைகளை வீட்டு முன்னறையில் அடுக்கி, வந்தவர்களை அவற்றின்மேல் உட்காரச் சொல்வார். இடம் விட்டதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. நான் கொடுத்த மூன்றடியை இத்தனை வருஷமாக ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், இதோ எழுதியும் விட்டேன். கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் அந்தக் குணத்தைத்தான் அவரிடமிருந்து எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். நாளையிலிருந்து.