உதட்டுக்கு முன்னால் கையில் ஒரு ஊசி

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்கலாம். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். அப்படிப்பட்டவள் தன் உதட்டைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மேலுதட்டில் வலது ஓரம் கொஞ்சம் மெலிவு. சிரித்தால் அந்தப் பக்கம் உள்ளே போய்விடும். யாரும் அதைச் சொன்னதில்லை. போட்டோ எடுக்கும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். தொண்ணூறுகளில் என் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, பம்மலில் நாங்கள் இருந்த வீட்டுக்கே ஓரகத்தி வந்து சேர்ந்தாள்.

அவளுக்கு உதடு இரண்டு பக்கமும் அளந்து வைத்தது போல இருக்கும். கண்ணாடி பார்க்காமலே லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவாள். ஒரு நாளும் கோணாது. காபி குடித்த டம்ளரில் அந்தச் சாயம் முழுசாகப் பதிந்திருக்கும். என் உதடு பதிந்தால் முக்கால்தான் விழும் என்று நினைத்துக்கொண்டு, அவள் டம்ளரை மட்டும் அழுத்தித் தேய்ப்பேன்.

அடையாறில் ஒரு தோல் டாக்டரிடம் அவளுக்கு வேலை. வருகிறவர்களின் பெயர் எழுதி உட்கார வைப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. உங்களுக்கு அந்த ஓரம் மட்டும் லேசா நிரப்பினா போதும். இப்ப அதுக்கு ஊசி வந்திருக்கு."

ஆக, அவள் பார்த்திருக்கிறாள். அன்று எனக்கு இரண்டும் சேர்ந்து வந்தது, எரிச்சலும் ஆசையும்.

போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது மாட்டுத் தோல்லேருந்து எடுக்கற மருந்து. சிலருக்கு ஒத்துக்காது. முதல்ல கையில கொஞ்சம் போட்டு ஒரு மாசம் பார்ப்போம். உதட்டுல போட்டாலும் சில மாசத்துல கரைஞ்சிடும், திரும்பப் போடணும். என்னைக் கேட்டா உங்களுக்கு இது தேவையே இல்லை. முடிவு உங்களோடது."

கையில் போடச் சொன்னேன்.

என் வீட்டுக்காரருக்குப் பம்மலிலேயே ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. கேட்டதும் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"பம்மல்ல இருந்துகினு மாட்டுத் தோலுக்கு அடையாறு போறியா? எங்க தோல் ஊறப்போடற டிரம்மாண்ட வந்து வாயை வெச்சா போதாதா?"

அவர் சிரித்தது எனக்கு உறைக்கவில்லை. தினமும் குளித்ததும் கையைத்தான் பார்ப்பேன். ஒரு மாதம் முழுக்கத் தடிப்பு இல்லை, சிவப்பு இல்லை. நாளைக்கு உதட்டுக்கு ஊசி என்ற நாளில் ஓரகத்தி வேலையிலிருந்து வந்து தன் கையை நீட்டினாள். அதிலும் ஊசி போட்ட மங்கலான தடம்.

"நானும் நீங்க போட்டப்பவே கையில போட்டுப் பார்த்துட்டேன்க்கா. கீழ் உதட்டை மட்டும் கொஞ்சம் எடுப்பா பண்ணிக்கலாம்னு. நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்."

என் உதடு நேராக வேண்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது பொய். அவளுக்குச் சமமாக வேண்டும். நான் ஒரு படி ஏறினால் அவளும் ஒரு படி ஏறுகிறாள் என்றால் எனக்கு எதற்கு ஊசி?

அடுப்படிக்குப் போய் ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளி, ஊசி போட்ட இடத்தில் தேய்த்தேன். சுரீர் என்றது. நன்றாகச் சிவக்கும் வரை பொறுத்திருந்து வெளியே வந்து காட்டினேன்.

"பாரும்மா, தடிச்சிருக்கு. மருந்தே சரியில்லை போல. நீயும் போட்டுக்காதே."

அவள் முகம் வெளுத்துவிட்டது. செருப்பைக்கூட மாட்டாமல் தெருமுனை எஸ்டிடி பூத்துக்கு ஓடி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இனிமே எப்பவும் போடக் கூடாதாம்க்கா. நல்ல வேளை, இப்பவே தெரிஞ்சுது." பிறகு தன் கையை ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "எனக்கு ஒண்ணும் இல்லையே. எனக்குப் போடலாம்னு சொல்லிட்டாங்க."

மிளகாய் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருந்தால் ஊசி கிடைத்திருக்கும்.

மறுநாள் அவள் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். உதடு வீங்கியிருந்ததால் அவளுக்குக் கஞ்சி வைத்தேன்.