அம்மாவுக்குச் சாமி வந்த அன்று

கோவிட் அடங்கி, மலேசியாவின் தோட்டத்துக் கோயில்களில் மறுபடியும் திருவிழா நடக்க ஆரம்பித்த சமயம் அது. கோலா சாவா பக்கம் இருக்கும் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஆடித் திருவிழா. அந்தத் தோட்டத்தில் இப்போது எங்கள் ஆட்கள் யாரும் குடியிருக்கவில்லை. எல்லாரும் ரந்தாவ், சிரம்பான் என்று தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்விட்டார்கள். ஆனால் திருவிழா அன்று மட்டும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது.

நான் உறுமி வாசிப்பவள். ஒரு பெண் உறுமியை மாட்டிக்கொண்டு நின்றால் உடனே போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். எடுத்து முடித்ததும், "வீட்ல ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்பார்கள். சொல்லாமல் இருப்பார்களா? வீடு என்றால் எங்கள் வீட்டில் அம்மாதான். அப்பா லாரி ஓட்டுகிறவர். எதைக் கேட்டாலும் "அம்மாகிட்ட கேட்டுக்கோ" என்பார், அதோடு அவர் வேலை முடிந்தது.

கோயிலில் வாசிப்பதை அம்மா தடுத்ததில்லை. பிரச்சினை வேறு. கேயெல் என்று நாங்கள் சொல்லும் கோலாலம்பூரில் ஒரு மேளக் குழு என்னை முழு நேரமாக வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தது. மேடை நிகழ்ச்சி, வெளிநாட்டுப் பயணம், புதிதாக வருகிற பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலை. பேக்டரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே வார இறுதியில் வாசித்துக்கொண்டிருந்த எனக்கு அது சாதாரண விஷயமா? ஆனால் அம்மா முடியாது என்றுவிட்டார். "கோயில்ல அடிக்கிற, அது சாமிக்கு. அங்க போயி யாருக்கு அடிக்கப் போற?" என்றார். திருவிழாவுக்கு மறுநாள் அந்தக் குழுவுக்கு நான் முடிவு சொல்லியாக வேண்டும். அம்மாவை மீறிப் போகிற தைரியம் எனக்குக் கிடையாது.

அன்று காலையில் பால்குட ஊர்வலம். அம்மாவும் மஞ்சள் சேலை கட்டிக் குடம் எடுத்திருந்தார். அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு அதுவரை சாமி வந்ததே இல்லை. யாராவது ஆடினால், "எல்லாம் நடிப்புலா" என்று சித்தியின் காதில் சொல்லிச் சிரிக்கிற ரகம்.

சாமியை வரவழைப்பது எங்களுக்கு ஒரு கைவேலை. இதை வெளியே சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் உறுமி பிடித்த எல்லாருக்கும் தெரியும். வளைந்த குச்சியால் தோலை அழுத்தித் தேய்க்கும்போது வருகிற அந்த உறுமலை எங்கே நீட்ட வேண்டும், எங்கே சட்டென்று வேகத்தைக் கூட்ட வேண்டும் என்று ஒரு பக்குவம் இருக்கிறது. கூட்டத்தில் யாருடைய கால் லேசாகத் துடிக்கிறது என்று பார்த்து, அவர் பக்கம் திரும்பி வாசிப்போம். சாமி வந்துவிட்டால் உள்ளுக்குள் ஒரு கெத்து. ஒரு கட்டுப்பாடும் உண்டு. யார் மேளத்துக்குச் சாமி வந்ததோ, அவர்தான் அது மலையேறும் வரை எதிரில் நின்று வாசிக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது, அடியை மாற்றக் கூடாது.

ஊர்வலம் ஒரு திருப்பத்தில் நின்றது. நான் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்துத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வருடா வருடம் வரும். அவர் அசையவே இல்லை. அவருக்குப் பின்னால் ஒரு குடம் ஆடியது. சித்தி ஓடிப்போய் அதைப் பிடித்தார். குடத்துக்குக் கீழே அம்மா.

கொண்டை அவிழ்ந்து, கண் எங்கேயோ நிலைத்துப்போய், என்னைப் பார்த்து ஆடிக்கொண்டே வந்தார். எனக்குப் பயத்தில் கை நின்றுவிடும்போல் இருந்தது. எங்கள் கோயில் மேளக் குழுவை நடத்தும் அண்ணன், "நிறுத்தாத, நிறுத்தாத" என்று வாயசைத்தார். வாசித்தேன். பெற்ற தாய் எதிரில் நிற்கிறார், அந்தக் கண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை.

யாரோ மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். "யாரு தாயி வந்திருக்கிறது?" என்று கேட்டார்கள். அம்மா ஆடிக்கொண்டே இருந்தார். அம்மாவின் தங்கையான எங்கள் சித்திக்கு வாய் சும்மா இருக்காது. கையைக் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தார். "தாயே, இந்தப் புள்ள கேயெல்லுக்கு மேளம் அடிக்கப் போறேங்குது. போலாமா வேணாமா, நீயே ஒரு வார்த்த சொல்லிடு."

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவே இல்லை. அம்மா ஆடுவதை நிறுத்தி என்னையே பார்த்தார். பிறகு அம்மாவுடையது போலவே இல்லாத கனத்த குரலில், "போவட்டும்" என்றார். சுற்றி நின்றவர்கள் கும்பிட்டார்கள். முடிந்தது என்று நினைத்தேன். மறுபடியும் அதே குரல்.

"வாரு தோளப் புண்ணாக்குது. துணிய மடிச்சு வெச்சிக்கச் சொல்லு."

உறுமியின் வார் உராய்ந்து என் வலது தோள் புண்ணாகித்தான் கிடந்தது. அம்மாவுக்குத் தெரிந்தால் உறுமியை ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிடுவார் என்று கைவைத்த சட்டையாகவே போட்டு மறைத்து வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சாமி மலையேறி, தண்ணீர் தெளித்து உட்கார வைத்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "பாலு கொட்டிடுச்சா?"

அன்று சாயங்காலம் அடுப்படியில் போய் நின்று, "அப்ப நான் போலாமாம்மா?" என்று கேட்டேன்.

"நான் எப்ப போன்னு சொன்னேன்?"

"சாமி சொல்லுச்சு. எல்லாரும் கேட்டாங்க."

"சாமி சொன்னா சாமிகிட்டயே சொல்லிட்டுப் போ. எங்கிட்ட ஏன் கேக்குற?" என்றவர் திரும்பி மங்கு, தட்டு கழுவ ஆரம்பித்துவிட்டார். குரலில் கோபம் இருந்ததா, சம்மதம் இருந்ததா, இன்று வரை எனக்குப் பிடிபடவில்லை. அப்பாவிடம் போனேன். அவர் என்ன சொன்னார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அன்று இரவு படுத்தால் தூக்கம் வரவில்லை. சொன்னது மாரியாத்தாளா, அம்மாவா? அம்மாவேதான் என்றால், சுயநினைவில் சொல்ல முடியாததை ஏன் அப்படிச் சொன்னார்? அதைவிட ஒரு சந்தேகம் என்னைக் குடைந்தது. வாசித்தது நான். வரவழைக்கிற வித்தை தெரிந்தவள் நான். பக்கத்து வீட்டு அக்காவை நோக்கி வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டு, என் கை அம்மாவைத்தான் தேடியதோ? பெற்றவளை மேளமடித்து மயக்கி அனுமதி வாங்கிவிட்டேனோ? நினைக்க நினைக்க எனக்கே என் கையைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மறுநாள் கோலாலம்பூர் குழுவுக்கு வருகிறேன் என்று சொன்னேன். தெளிவு ஏதும் பிறந்து அப்படிச் சொல்லவில்லை. போக வேண்டும் என்ற ஆசை, குழப்பத்தைவிடக் கொஞ்சம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். நான் கிளம்பிய நாளில் அம்மா வழக்கம்போல் பள்ளிக் கேண்டீன் வேலைக்குப் போய்விட்டார். வழியனுப்பவும் இல்லை, தடுக்கவும் இல்லை.

இப்போது மேளம்தான் என் தொழில். நாலு ஊர் மேடை பார்த்தாகிவிட்டது. திருவிழாவுக்கு மட்டும் தவறாமல் தோட்டத்துக்கு வந்து வாசிக்கிறேன். அம்மா பால்குடத்தோடு ஊர்வலத்தின் கடைசியில் நடப்பார், என் மேளம் இருக்கிற பக்கமே வரமாட்டார். அவருக்கு மறுபடி சாமி வரவும் இல்லை.

ஆனால் ஒன்று. கோலாலம்பூருக்குப் போன புதிதில், ஒரு நிகழ்ச்சிக்கு முன்னால் அம்மா வீடியோ காலில் வந்தார். சாப்பாடு, துணிமணி எல்லாம் விசாரித்துவிட்டு, "தோளுக்குத் துணி வெச்சிக்கிறியா?" என்றார்.

"யாரும்மா சொன்னா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? சோறு பொங்குது, வெக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டார்.

அன்று சாமி சொன்னதைச் சித்தி அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சித்திக்கு ஒரு போன் போட்டால் உண்மை தெரிந்துவிடும். நான் இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் வாரை மாட்டுவதற்கு முன் ஒரு துண்டை மடித்துத் தோளில் வைக்கிறேன், சாமி சொன்னதைக் கேட்கிறேனா அம்மா சொன்னதைக் கேட்கிறேனா என்பது தெரியாமல் இருக்கிற வரை இரண்டு பேருமே என்னோடு வருகிறார்கள் என்று தோன்றுகிறது.