வந்த வழியைப் பார்த்து வைப்பவள்

அபயாம்பாள் எங்கே நடந்தாலும், முனை திரும்பும்போதெல்லாம் நின்று வந்த வழியை ஒரு தடவை பார்ப்பாள். அமெரிக்காவில் சன்னிவேலுக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். தெருப் பலகையை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் கணவர் ஜம்புநாதன் அரைத் தெரு போயிருப்பார். அதனால் அவள் பலகையை நம்புவதில்லை. வீடு திரும்பும்போது வழி எப்படித் தெரியும் என்பதைப் போகும்போதே கண்ணில் வாங்கிக்கொள்வாள்.

“யாராவது துரத்தறாளா, அபயம்?” என்று பக்கத்து அபார்ட்மென்ட் ஷ்யாமளா கேட்பாள். இவள் சிரித்துக்கொண்டே அடுத்த முனைக்கு நடப்பாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை, கார் ஓட்ட வேண்டும். நான்கு வருடத்தில் மூன்று தடவை கேட்டுப் பார்த்தாள்.

“ஃப்ரீவேல ஒரு எக்ஸிட் மிஸ் பண்ணினா சான் ஹோசேல போய் நிப்பே. உனக்கு வழி தெரியாதுடி,” என்று ஜம்புநாதன் முடித்துவிடுவார்.

1986 மே மாதம் கம்பெனி அவரையும் ஷ்யாமளாவின் கணவர் வாஞ்சிநாதனையும் இத்தாலிக்கு அனுப்பியது. மனைவிகளும் கூடப் போனார்கள். வேலை முடிந்ததும் நால்வரும் ஒரு மலையூரில் ஒரு வாரம் தங்கினார்கள். எழுநூறு வருடத்து மதில். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய கல் சந்துகள். முதுகுப் பக்கம் காடு, வெகு கீழே கடல். ஊருக்குள் கார் நுழையாது, எல்லோருக்கும் கால்தான். அபயாம்பாளுக்கு முதல் நாளே அந்த ஊர் பிடித்துவிட்டது. அவள் கொண்டுபோயிருந்த குக்கர் விசில் அடித்ததும், ஏதோ வெடிக்கப்போகிறதென்று தங்கிய வீட்டின் சொந்தக்காரி வாளித் தண்ணீரோடு ஓடி வந்தாள்.

மூன்றாம் நாள் ஆலிவ் தோப்புகள் வழியாகக் கடலுக்கு இறங்கினார்கள். பாதை பத்து இடத்தில் பிரிந்தது. பத்து இடத்திலும் அபயாம்பாள் நின்றாள்.

“சீக்கிரம் வாடி, கடல் வத்திடப் போறது!” என்று ஷ்யாமளா கத்தினாள்.

சாயங்காலம் ஏறும்போது கடலிலிருந்து மூடுபனி வந்து மலையை மறைத்தது. மேப்போடு ஜம்புநாதன் முன்னே போனார். ஒரே கல் தொட்டியை மூன்றாம் முறை கண்டதும் ஷ்யாமளா அதன் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வாஞ்சிநாதன் மேப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

அபயாம்பாளுக்கு வழி தெரிந்தது. இப்போது சொல்லித் தவறினால் கார் என்ற பேச்சையே இனி எடுக்க முடியாது. இருந்தும் சொன்னாள்.

“ஏன்னா, இடது பக்கம். பிளந்த மரம் ஒண்ணு வரும். அப்புறம் நீலக் கதவு.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“இறங்கறச்சே பார்த்து வெச்சேன்.”

பதிலுக்குக் காத்திராமல் நடந்தாள். பிளந்த மரம் வந்தது. நீலக் கதவு வந்தது. இனி இடிந்த படி, இனி கோழிக்கூண்டு என்று ஒவ்வொன்றையும் வருமுன்பே சொன்னாள். குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது ஜம்புநாதனுக்கு அன்றுதான் தெரிந்தது. கோழிக்கூண்டைத் தாண்டியதும் பனிக்குள்ளிருந்து மதில் வாசல் எழுந்து நின்றது.

“அடி சக்கை! உன்னை யாரும் துரத்தலைடி. நாங்கதான் உன் பின்னாடி ஓடி வரணும்,” என்று ஷ்யாமளா அவளைக் கட்டிக்கொண்டாள்.

ஜம்புநாதன் மேப்பை மடித்தார். “சன்னிவேல் போனதும் உனக்கு டிரைவிங் பர்மிட் எடுத்துடலாம்.”

“போன மறுநாளே,” என்றாள் அபயாம்பாள்.

இது 1989. அபயாம்பாள் அடுத்த ஊரான குபெர்டினோவில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை பார்க்கிறாள். தினமும் ஃப்ரீவேயில் தானே ஓட்டிப் போய் வருகிறாள். சனிக்கிழமைகளில் ஜம்புநாதன் பக்கத்து இருக்கையில் உட்காருகிறார். இதுவரை ஓர் எக்ஸிட்டையும் அவள் தவறவிட்டதில்லை.