கிராணி வீட்டுத் துப்பறியும் படக்கதை

மலாயாவின் அவசரகாலத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு கொண்டுபோகிறார்களா என்று தோட்டத்து முள்கம்பி வாசலில் தடவிப் பார்ப்பார்கள். அன்று அண்ணன் இடுப்பில் இங்கிலீஷ் துப்பறியும் படக்கதை ஒன்று அகப்பட்டது. அட்டையில் துப்பாக்கி, உள்ளே வீட்டு வரைபடம்.

“கம்யூனிஸ்ட் பொஸ்தகமாடா?” காவலாளி அறைந்தான்.

“கததாங்க, படம் பாக்க வாங்கினேன். கிராணி ஐயா குடுத்தது, அவரையே கேளுங்க லா.”

விடிகாலைப் பெரட்டில் ஆள்கணக்குக்குப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்த தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி சிரித்தார். “நானா? இவனுக்கு எழுத்தே தெரியாதே!”

அண்ணனை லோரியில் ஏற்றினார்கள். அம்மா கிராணியின் காலில் விழுந்தாள்.

“எந்திரிம்மா, வெட்டுக்கு நேரமாச்சு.”

அண்ணனை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம். அவன் பிறந்ததே இந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தான்.

நான் கிராணி வீட்டு வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி கேட்டாள்: “ஏண்டி, உங்கண்ணன் எங்க பொஸ்தகத்தத் திருப்பிக் குடுக்கவே இல்லையே?”