அக்காவின் உபவாசம்

வெங்கட்நாராயணா சாலையில் வெயில் மண்டையைப் பிளந்தது. நான் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஜெபக்கூடத்தின் பாட்டு இன்னும் கேட்டது. சண்டை போடத்தான் அங்கே போனேன். சண்டைக்கு ஆள் கிடைக்காமல் திரும்பிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குப் புற்றுநோய். இரண்டு ஊசி போட்டாகிவிட்டது, மூன்றாவதற்கு அந்தத் திங்கட்கிழமை போனோம். எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிட்டு, மூன்று கிலோ குறைந்திருக்கிறது, உடம்பு தேறாமல் அடுத்த ஊசி கிடையாது, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். காலையும் மதியமும் நான் வாங்கி வைத்த இட்லியும் முட்டையும் எங்கே போகின்றன என்று அப்புறம்தான் கவனித்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குப் போயிருக்கின்றன. அக்கா பகல் முழுக்க உபவாசம்.

பாஸ்டர்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். பாத்திரக் கடைக்கு மேலே மொட்டைமாடியில் தகரக்கூரை போட்ட கூடம். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். ஐம்பது பேர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள், ஓரத்தில் பெரிய அண்டாவில் எலுமிச்சைச் சோறு மூடி இருந்தது. இரண்டு மணிக்கு ஜெபம் முடிந்ததும் சாப்பாடு. அந்த அண்டாவைப் பார்த்ததும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பாஸ்டரைப் படிக்கட்டுக்கு இழுத்து வந்து கேட்டேன்.

“நோயாளிய பட்டினி போட்டு இன்னா ஜெபம் சார் இது?”

அவர் கத்தவில்லை. “நான் வேணாம்னுதான் சொன்னேன் தம்பி. நோயாளிக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் உபவாசம் கட்டாயம் இல்ல. சாப்பிடாம இருந்து கடவுள் கையை முறுக்கி எதையும் வாங்கவும் முடியாது. நம்ம மனசு அவர் பக்கம் திரும்பறதுக்குத்தான் உபவாசம். இதையெல்லாம் உங்க அக்காகிட்ட மூணு தடவை சொல்லிட்டேன்.”

“அப்புறம் ஏன் இருக்குது?”

“அதை அவங்ககிட்டயே கேளுங்க.”

நானும் சும்மா இருக்கவில்லை. பட்டினி எனக்குப் புதுசு இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன். விஜயவாடாவில் சரக்கு லாரிக்குக் காத்திருந்து மூன்று நாள் குழாய்த் தண்ணீரிலேயே கிடந்திருக்கிறேன். “அதுக்கெல்லாம் யாரும் பாட்டு பாடல சார்” என்றேன்.

“அது உங்களுக்கு நேர்ந்தது தம்பி. சோறு முன்னாடி இருக்கும்போது கையை எடுக்கறது வேற” என்றார். நான் படியில் வேகமாக இறங்கினேன்.

நந்தனம் தாண்டி, கோட்டூர்புரம் பாலத்தில் ஆற்று நாற்றத்தை முகர்ந்துகொண்டு அடையாறு வரைக்கும் நடந்தே போனேன். பாஸ்டரும் சரியாகப் பேசுகிறார், டாக்டரும் சரியாகப் பேசுகிறார். அவள் வாயில் ஒரு கவளம் வைக்க யாராலும் முடியவில்லை.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். முடி போன தலையில் துண்டு.

“பாஸ்டராண்ட போயி கத்திட்டு வந்தியாமே. போன் வந்துச்சு. மானத்த வாங்கிட்டடா.”

“உன் ஒடம்பு சரியாவணும்னு உபவாசம் இருந்து, ஒடம்பையே கெடுத்துக்கினுகீற. அறிவு கீதா உனக்கு?”

“என் ஒடம்புக்கு டாக்டர் கீறாரு” என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். “உனக்கு யாரு கீறா?”

எனக்கு முதலில் புரியவில்லை.

“நாப்பது வயசு ஆவுது. பத்து நாள் ஒரு எடத்துல நின்னுகீறியா? நீ ஒரு வேலையில ஒரு மாசம் தரிக்கிற வரைக்கும் பகல்ல சாப்பிட மாட்டேன்னு பொருத்தன பண்ணிகீறேன். நான் போய்ட்டா நீ ரோட்லதான் கெடப்ப.”

சுவரில் எதையாவது விட்டெறியலாம் போல இருந்தது. விட்டெறிய அந்த அறையில் ஒன்றும் இல்லை. சரி, நாளைக்கே வேலைக்குப் போகிறேன், இப்போது சாப்பிடு என்றேன். ஒரு மாசம் ஆகட்டும் என்றாள். ஒரு மாசத்தில் நீ செத்துப் போவாய் என்றே சொல்லிவிட்டேன். அதற்கும் தைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

கடைசியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அந்த உபவாசத்த என்கிட்ட குடு. எனக்காகத்தானே? நானே கீறேன். நீ துன்னு.”

அக்கா சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம். “நீயா? டீ அஞ்சு நிமிசம் லேட்டானா ஊரக் கூட்டுவியே!”

“கீறேன்னு சொல்றேன்ல?”

கொக்கியை ஓரமாக வைத்தாள். “யாராண்டயும் சொல்லக்கூடாது. பொய்யும் சொல்லக்கூடாது. நீ ஒருநாள் பகல்ல துன்னா மறுநாள்லருந்து நான் ஆரம்பிச்சுருவேன், ஆமா” என்றாள். நான் கஞ்சியைச் சூடு பண்ணி, முட்டையை உரித்துக் கொடுத்தேன். பாதி முட்டை தின்றாள்.

காலையில் இரண்டு இட்லியை என் கண் முன்னாலேயே தின்று முடித்தாள். பிறகு என்னைப் பிடித்து உட்காரவைத்துத் தலையில் எண்ணெய் தடவினாள். “மூஞ்சக் கழுவிக்கினு போ. தொங்கப்போட்டுக்கினு நின்னா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்.”

விடிந்ததும் கேட்டால் வேலை கிடைக்கக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது: மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்தெருவில் ஒரு மெஸ். அங்கே ஏற்கெனவே ஒரு தடவை நான்கு நாள் இருந்துவிட்டுச் சொல்லாமல் ஓடியவன் நான். மெஸ் நடத்தும் அண்ணாச்சி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“வந்துட்டீரோ? இந்தத் தடவ எத்தன நாளு?”

“ஒரு மாசம் நிச்சயம் அண்ணாச்சி.”

“பாப்போம். மொதல்ல சாப்பிடும். பசியோட இருக்கவன என் அடுப்பங்கரையில நிக்க விட மாட்டேன்” என்று அவரே தட்டில் நான்கு இட்லி வைத்து, சாம்பாரை மேலே ஊற்றி நீட்டினார். ஆவி முகத்தில் அடித்தது. விஜயவாடாவில் இப்படி யாரும் தட்டை நீட்டவில்லை.

“வேணாம் அண்ணாச்சி. பொழுது சாஞ்சதும் சாப்புடுறேன்.”

அவர் என் தலையைப் பார்த்தார், கழுவின முகத்தைப் பார்த்தார். “ஓ, சனிக்கெழமைல்லா! பெருமாளுக்கு ஒருபொழுதா? நல்லாயிரும்” என்று தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாளைக்கு ஞாயிறு. நாளைக்கும் தட்டை நீட்டுவார்.

ஒரு கூடை சின்ன வெங்காயத்தை என் முன்னால் கொட்டினார்கள். இட்லிக் கொப்பரைக்கு இரண்டு அடி தள்ளி இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தேன்.